மூடாமல் விட்ட இணைப்பு

இன்று காலை கிள்ளானில் ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில் கோப்பிக்காகக் காத்திருந்தேன். மேசைக் கணினியின் இணையப் பக்கத்தில் தெரிந்த வரைபடத்தில், கொள்கலன் ஏற்றிய லோரி ஒன்று யாரும் தொடாமலே நகர்ந்துகொண்டிருந்தது. இணைப்பு திறந்தே இருக்கிறது, சேதி தானாக வருகிறது. தொண்ணூறுகளின் கடைசியில், நாம் ஒன்றாக வேலை பார்த்தபோது, நீ ஆசைப்பட்டது இதற்குத்தான். அவ்வளவு முந்திக்கொண்டு ஆசைப்பட்டால் யார் தருவார்கள்?

பிரிக்பீல்ட்ஸ் மாடி அலுவலகத்தில் நீ எழுதிய சர்வர் அப்படித்தான் வேலை செய்தது. வாடிக்கையாளரின் கணினி காலையில் இணைந்தால் மாலைவரை இணைப்பை விடாது. துறைமுகத்தில் கொள்கலன் பெட்டி இறங்கியதும் உன் சர்வரே சேதி அனுப்பிவிடும். பிறகு முதலாளிக்கு எல்லாம் பிரௌசரில் வரவேண்டும் என்றானது. பிரௌசரோ கேட்கும், பதிலை வாங்கும், போய்விடும். வந்த வீட்டில் உட்காராத விருந்தாளி. அதனால் இரண்டுக்கும் நடுவே, கேட்டு வாங்கிக் கொடுக்க ஒரு நிரல் தேவைப்பட்டது. அதை எழுதும் பொறுப்பு, வேலை இன்னும் நிரந்தரமாகாத என்னிடம் வந்தது.

"பதில் கெடைச்சாலும் கெடைக்காட்டியும் சாக்கெட்டை மூடிடு லா. ரொம்பப் பேரு வந்தா என் சர்வர் தாங்காது," என்றாய். தலையாட்டினேன். பதில் கிடைத்தால் இணைப்பை மூடினேன். பெட்டி எண் தப்பாகிப் பிழை வந்தால் மூட மறந்துவிட்டேன்.

கிள்ளானில் வாடிக்கையாளர் முன் அதைக் காட்டிய அன்று, ஆளாளுக்குத் தப்பும் தவறுமாக எண்ணைத் தட்டினார்கள். அரை மணியில் உன் சர்வர் நிரம்பி, பழைய வாடிக்கையாளர்கள்கூட உள்ளே வர முடியவில்லை. "உன் சர்வர்தான் விழுந்திருச்சு, என்னய்யா இது?" என்று முதலாளி கத்தினார். திறந்து கிடந்த இணைப்புகளை நீ திரையில் வரிசையாக எடுத்தாய். அத்தனையும் என் நிரலிலிருந்து வந்தவை. என்னைப் பார்த்தாய். முதலாளி குனிந்து பார்ப்பதற்குள் திரையை அழித்துவிட்டு, "ஆமா பாஸ், என் தப்புதான்," என்றாய்.

எனக்கு வேலை நிரந்தரமானது. உன்னைப் பிரிண்டர் பழுது பார்க்கப் போட்டார்கள். மாதக் கடைசியில் நீ ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டாய். கடைசி நாள் வாழையிலைச் சாப்பாட்டில் ஒன்றே ஒன்று கேட்டாய்.

"மூடிட்டியா?"

"மூடிட்டேன்."

ரசத்தை ஊற்றிக்கொண்டு பேச்சை மாற்றினாய். நானும் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

போன மாதம் ரவாங்கில் உன்னைக் கிடத்தியிருந்த வீட்டுக் கூடத்துக்குக் கோலூன்றி வந்த முதலாளி உன் மகளிடம், "கெட்டிக்காரன்மா. ஒரே ஒரு தடவை கிள்ளான்ல அவன் சர்வர் கவுத்திருச்சு," என்றார். அழுதுகொண்டிருந்தவள் லேசாகச் சிரித்தாள். "தெரியும் அங்கிள். தன் தப்புன்னு அப்பாவே சொல்லியிருக்காரு."

பக்கத்தில்தான் நின்றேன். கிள்ளானில் நான் வாய் திறக்காததற்கு வேலை போய்விடுமே என்ற பயம் காரணம். உன் வீட்டில் எனக்கு என்ன பயம்? வெட்கமாக இருக்கிறதடா. உன் மகளின் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது. இன்னும் அழைக்கவில்லை.