கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொண்ட நாலாவது ஆள்

அன்பு மகன் ஜெபிஷுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தந்த சுகத்தில் நானும் உன் பெண்டாட்டி பெமிலாவும் இருக்கிறோம், எனக்குக் கால் வீக்கம் மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது, நீயும் மஸ்கட்டில் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபத்தில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அது நம் கம்ப்யூட்டர் வழியாகத்தானே போகிறது, அந்த வழியில் வேறொரு ஆள் வந்து நின்றுவிட்டது, இனி அதை நம்ப முடியாது, அதனால்தான். அப்படி யாரும் ஒட்டுக்கேட்க முடியாது மாமி என்று பெமிலா சொல்கிறாள். அவள் படித்தவள், நான் அஞ்சாம் வகுப்பு, ஆனாலும் ஒரே கிணற்றில் இரண்டு வாளி இறங்கினால் ஒன்றில் ஒன்று இடிக்காமலா இருக்கும். குலசேகரத்து சுதன் லீவு முடிந்து அங்கே வருகிறான், அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். உறையைச் சோற்றால் ஒட்டி, ஒட்டின இடத்துக்குக் குறுக்கே என் பெயரை எழுதியிருக்கிறேன். பெயர் விலகியிருந்தால் அவன் பிரித்துப் பார்த்தான் என்று அர்த்தம். அவன் அப்பனுக்கும் அந்தப் புத்தி உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசி இடியில் வைஃபை கொடுக்கிற நெட் பெட்டி கரிந்துபோனது, நீ கிறிஸ்துமஸுக்கு வந்தபோது வயரை நேரே கம்ப்யூட்டரில் குத்தி, அதிலிருந்து என் போனுக்கும் பெமிலா போனுக்கும் டிவிக்கும் பங்கு வைத்துக் கொடுத்தாய். கம்ப்யூட்டர் ஓடினால் எல்லாம் ஓடும், அதை அணைத்தால் எல்லாம் படுத்துவிடும். பாஸ்வேர்டு என்ன போட என்று நீ கேட்டபோது, புதுவருட ஆராதனையில் நம் வீட்டுக்கு அட்டையில் எழுதிக் கிடைத்த வாக்குத்தத்த வசனத்தின் எண்ணைப் போடச் சொன்னதும் நான்தான். வசனம் காவல் இருக்கும் என்று நினைத்தேன். நீ திரும்பிப் போனது முதல், சனிக்கிழமை நீ கூப்பிட்டால் உன் முகம் பாதிச் சிரிப்பில் நின்றுபோனது, குரல் தகரத்தில் கல் உருட்டினதுபோல் வந்தது. உன் முகத்தை வாரத்தில் ஒரு தடவைதான் பார்க்கக் கிடைக்கிறது, அதையும் யாரோ அந்தப் பக்கம் பிடித்து இழுக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பெமிலாவைப் பார்க்கச் சொன்னேன். நம் வீட்டில் உள்ளது மூன்று, கம்ப்யூட்டரில் நாலு என்று காட்டியது.

யார் என்று எனக்கு அப்போதே தெரியும். பக்கத்து வீட்டில் உன் சித்தி நேசபாயைத் தவிர யார். நீ பிறந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம் பார்த்து, எல்லையில் நின்ற அயனி மரத்தை முறித்து அவள் வீட்டு முன்கதவுக்குப் பலகை அறுத்தவள். உன்னைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து இறங்கினேன், மரம் நின்ற இடத்தில் வெயில் நின்றது. அந்தக் கதவு திறக்கிற சத்தம் இன்றைக்கும் தினம் காலையில் என் காதில் விழுகிறது. ஆனாலும் ருசு வேண்டும் இல்லையா. ஒரு நாள் மத்தியானம் இடி முழங்கினது என்று பெமிலா கம்ப்யூட்டரை அணைத்தாள். அதே நொடியில் அந்த வீட்டில் பாடிக்கொண்டிருந்த பாட்டு பாதி வரியில் அறுந்தது. நான் அடுக்களையில் மரச்சீனிக்கிழங்கு நறுக்கிக்கொண்டு நின்றவள் கத்தியைக் கீழே வைத்தேன். இடி போனபிறகு ஓடவிட்டாள், பாட்டும் வந்தது. சும்மா விடுவேனா, மறுபடியும் அணைக்கச் சொன்னேன். மறுபடியும் அறுந்தது. பெமிலாவுக்கு முகம் மாறிவிட்டது, "சித்தப்பாக்குப் பாட்டு போட்டுக் குடுக்கதாக்கும் மாமி, பாவம், இந்தப் பள்ளத்துல அவங்க போன்ல பேசத்தான் முடியும், நெட்டுக்கு டவர் கிடையாது" என்று முனகினாள்.

பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிவிட்டேன். மறுநாள் நேசபாய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பெமிலாவிடம், "ஏட்டி, உங்க கம்ப்யூட்டர் கேடாயிட்டா?" என்று கேட்டாளாம். எங்கள் கம்ப்யூட்டர் கேடானால் இவளுக்கு என்ன வந்தது. ஆனால் ஜெபிஷ் மக்களே, வசன அட்டை என் வேதாகமத்துக்குள்தான் இருக்கிறது, வெளியே தொங்கவில்லை. பெமிலா சொல்லவில்லை என்கிறாள், அவளுக்குப் பொய் சொல்ல வராது, உப்புப் போடத்தான் மறக்கும். நானும் சொல்லவில்லை. மிச்சம் உள்ளது நீ ஒருவன்தான். நீ போகிற அன்றைக்கு, டாக்சியை நிறுத்திவைத்துவிட்டு, சித்தப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அந்த வீட்டுக்குள் போனாய், வெகு நேரம் கழித்துத்தான் வந்தாய். அப்போது அவள் போனை நீ கையில் வாங்கவில்லை என்று எனக்கு எழுத முடியுமா?

உன் சித்தப்பா விழுந்து இடுப்பு ஒடிந்த பிறகு ஆலயத்துக்குப் போனதில்லை. பாட்டுக் குழுவில் கட்டைக் குரலுக்கு நின்ற ஞானையன் இப்போது போனில் பாட்டு கேட்டுக்கொண்டு கிடக்கிற நிலைமை. உன் அப்பாவை அடக்கம் பண்ணின அன்றைக்கு மழையில் நின்று பாட்டு எடுத்துக் கொடுத்தது அவர்தான், அதையும் நான் மறக்கிறவள் இல்லை. பாஸ்வேர்டு மாற்றின பிறகு அங்கே பாட்டு இல்லை. இருமல் மட்டும் கேட்கிறது. உன் முகம் இப்போது நிற்காமல் தெரிகிறது, குரலும் தெளிவு, ஆனால் நீ பேசி முடித்துவிட்டு போனை வைத்தால் அந்த இருமல்தான்.

நீ ராத்திரி அந்த ஊர் குப்பூஸ் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, கஞ்சி வைத்துக் குடி. சுதனிடம் நேந்திரங்காய் சிப்ஸும் கருவாடும் கொடுத்திருக்கிறேன், பொட்டலம் கட்டினது சணல் கயிற்றால், கயிறு மாறியிருந்தால் எனக்குச் சொல். மழை என்பதால் ரப்பர் பால் வெட்டு இல்லை.

புதுப் பாஸ்வேர்டு அயனிமரம். இங்கிலீஷ் எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளி விடாமல், பின்னால் நீ பிறந்த வருஷம். இதை நான் அந்த வீட்டுக்குச் சொல்ல மாட்டேன், பெமிலாவையும் சொல்ல விட மாட்டேன். உனக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறேன். இனி அங்கே பாட்டு கேட்டால் யார் சொன்னது என்று எனக்குத் தெரிந்துவிடும், உன்னிடம் ஒன்றும் கேட்கவும் மாட்டேன். ஒன்று மட்டும் நினைவு வைத்துக்கொள், எழுத்தை நீ ஒவ்வொன்றாகத்தான் சொல்ல வேண்டும், அதை நேசபாய் தன் கையாலேயே தட்ட வேண்டும். நீ போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன் கூடவே இருக்கட்டும்.

சனிக்கிழமை உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
அன்னபாக்கியம்