எட்டாவது ஆளாய் நின்ற ஞாயிறு

பாரிஸில் நம் தமிழ்க் கடைகள் இருக்கும் ரூ பெர்தொனே தெருவில், இன்று காலை ஒரு கடையில் புதிதாக அரைத்த வெந்தயத்தைப் பைகளில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை பிறருக்குக் குழம்பை நினைவூட்டும். எனக்கு ஆர்மீனியர்களின் கால்பந்துக் கழகம் நினைவுக்கு வந்தது. ஆட்டம் முடிந்ததும், வெந்தய மாவு பூசிக் காயவைத்த மாட்டிறைச்சியைச் சீவித் தருவார்களே! முதல் துண்டை முகர்ந்துவிட்டு நீ சொன்னாய்: "அண்ணை, இவங்களும் எங்கட ஆக்கள்தான்."

நீ யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அவர்களுடைய தோல் பட்டறையில் பை தைத்துக்கொண்டிருந்தாய். நான் உன் அடுத்த வீட்டுப் புதுச்சேரிக்காரன், அரசு அலுவலக எழுத்தர். உன் முதலாளியின் தகப்பனார் காலத்தில், அகதிகளாக வந்த தையற்காரர்கள் தொடங்கிய கழகம் அது. பிள்ளைகள் டாக்டரும் வக்கீலுமாகி விலகிப்போனார்கள். ஞாயிறு காலையில் சேறு மிதிக்க ஆளில்லை. அதனால் உன்னைச் சேர்த்தார்கள். பந்து கோட்டைத் தாண்டினால் ஓரத்தில் நின்று தூக்கிக் காட்டும் கொடியை என்னிடம் கொடுத்தார்கள். அதைக்கூடச் சரியாகப் பிடித்தேனா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

எதிரணி பிரெஞ்சுக்காரர்கள் என்றால் நம்மவர்கள் ஆர்மீனிய மொழியில் கூவுவார்கள். எதிரணியும் ஆர்மீனியர்கள் என்றால் அது பலிக்காது. அதற்காகவே நீ பட்டறையில் அவர்களுக்குத் தமிழ் பழக்கினாய்: "விடு", "இஞ்சை தா", "பின்னாலை ஆள்". நரைத்த மீசை முதலாளி அப்படிக் கத்தும்போது எதிரணி திகைத்து நிற்கும்.

அந்தக் குளிர்கால ஞாயிறன்று உன்னையும் சேர்த்து ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். இங்குள்ள விதிப்படி எட்டுப் பேராவது இல்லாவிட்டால் ஆட்டம் கிடையாது. ஏற்கெனவே இருமுறை அப்படி ஆகியிருந்தது; இன்னொருமுறை ஆனால் கழகத்தைப் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். முதலாளி சப்பாத்தின் கயிற்றைக் கட்டாமல் குனிந்து உட்கார்ந்திருந்தார். நீ என் கையிலிருந்த கொடியை வாங்கி, வேடிக்கை பார்க்க வந்த அவர்களுடைய பாதிரியாரிடம் நீட்டினாய்.

"அண்ணை, உடுப்பை மாத்துங்கோ."

"எனக்கு ஆடத் தெரியாதுப்பா."

"ஆர் ஆடச் சொன்னது? வலப்பக்கம் பின்னுக்கு நில்லுங்கோ. பந்து வந்தா உதையுங்கோ, வராட்டிச் செபம் சொல்லுங்கோ."

நின்றேன். 'அண்ணை' என்பதை என் பெயர் என்றே நம்பியிருந்த முதலாளி, "அண்ணை, பின்னாலை ஆள்!" என்று கத்தினார். நான் திரும்புவதற்குள் கோல் விழுந்தது. பிறகும் விழுந்தன. ஆனால் கடைசி விசில் ஊதியதும் முதலாளி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். அந்தப் பருவத்தைக் கழகம் ஆடி முடித்தது. அடுத்த பருவம் தொடங்கவேயில்லை.

அந்த ஞாயிறு ரயிலில் திரும்பும்போது, கழகத்துக்கு ஆளில்லாமல் போகிறதே என்று நான் வருத்தப்பட்டேன்; நீ சிரித்தாய். "எங்கட கிளப்புகளும் ஒருநாள் இப்பிடி ஆளில்லாமல் நிக்கும். நிக்கட்டும் அண்ணை. பிள்ளையள் நல்லா வந்திட்டுதுகள் எண்டுதானே அர்த்தம்?"

நீ இறந்துபோன பிறகு எனக்கு இது இரண்டாவது குளிர்காலம். சென்ற வாரம் முதலாளியின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். கழகத்தின் வரலாற்றை எழுதுகிறாளாம். உன்னைப் பற்றி நெடுநேரம் சொன்னேன். கடைசியில், "நீங்கள் கொடி பிடித்தவர்தானே?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லி முடித்துவிடுவதுதான் என் சுபாவம். உனக்குத் தெரியாததா? ஆனால் அன்று அந்த எட்டுப் பேரில் ஒருவனாக என்னை எண்ணியவன் நீ. அதை நான் எப்படி மறுப்பேன்?

"கொடியும் பிடித்தேன். ஒரு ஞாயிறு வலப்பக்கத் தடுப்பாட்டமும் ஆடினேன்" என்றேன்.

பெயரைக் கேட்டாள். என் நீண்ட புதுச்சேரிப் பெயரை, ஓர் எழுத்தும் விடாமல், நிதானமாகச் சொன்னேன்.