கோடு கீறிய போத்தல்

இன்று காலை அலுமாரியைத் துப்புரவாக்கும்போது உமது தண்ணீர்ப் போத்தல் கையில் பட்டது. நீலப் பேனையால் நீர் கீறிய கோடுகள் இன்னும் அழியவில்லை. எட்டு மணிக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று. எழுவைதீவிலிருந்து வள்ளத்தில் ஆஸ்பத்திரிக்கு வரும்போது தண்ணீர் குடிக்க மறந்துவிடும் என்று கீறியவை. திருப்பிக் கொடுக்கப் போனபோது உமது அம்மா வாங்கவில்லை. "அது உங்கடை வகுப்புக்குரியது, பிள்ளை" என்றார்.

நான் உம்மை முதன்முதல் கண்ட நாளை நினைத்தால் இன்றும் கூச்சம்தான். அரிவாள் கல நோய் பற்றிப் படித்திருந்தேன். செங்குருதிக் கலங்கள் அரிவாள்போல வளைந்து, சிறு குழாய்களை அடைத்து, எலும்புக்குள் தாங்க முடியாத நோவைக் கொண்டுவரும். உடம்பில் தண்ணீர் குறைந்தாலோ குளிர் பட்டாலோ அந்த நோ கிளம்பும். பரீட்சையிலும் எழுதியிருந்தேன். ஆனால் இந்தப் பக்கத்தில் அது அபூர்வம், நேரில் கண்டதில்லை. அந்த நோயோடு வந்த நீரோ பக்கத்துக் கட்டில்காரியோடு பகிடி விட்டுக்கொண்டு, நோவுக்கு ஊசி வேண்டும் என்றீர். பத்துக்கு எத்தனை நோ என்று கேட்டேன்.

"எட்டு எண்டால் நம்புவியளோ, பத்து எண்டால் நம்புவியளோ, டொக்டர்? அதையே சொல்லுறன்."

சொல்லிவிட்டுச் சிரித்தீர். சிரிக்கிறவளுக்கு நோ இருக்காது என்று எடுத்துக்கொண்டேன். ஊசி ஒரு மணித்தியாலம் பிந்தியது. தவறு என்னுடையது.

நீர் அதை ஒருவரிடமும் குறையாகச் சொல்லவில்லை. சில மாதங்களின் பின், புதிதாக வந்த பயிற்சி வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் இந்த நோயைப் பற்றி நான் வகுப்பெடுக்கப் போவதை அறிந்து, "நானும் வரட்டே?" என்றீர். என் படங்களும் குறிப்புகளும் போதும் என்பதே என் எண்ணம். அரைமனதோடுதான் ஓம் என்றேன்.

கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு இருந்தீர். "இப்ப எனக்கு நோ இருக்கோ, இல்லையோ?"

பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் உமது முகத்தைப் பார்த்து, இல்லை என்றார்கள்.

"முகத்தை ஏன் பாக்கிறியள்? சின்னனிலையிருந்து நோவோடை சிரிச்சுப் பழகின முகம் இது. எந்த வேலையை விட்டிட்டு வந்தனீங்கள் எண்டு கேளுங்கோ. நான் தைக்கிறனான். மெசின் மிதிக்க ஏலாமல் வந்தனான் எண்டால், பத்து எண்டு எழுதுங்கோ."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்தக் கேள்வி இருக்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு வகுப்புக்கும் உம்மைக் கேட்டுத்தான் நாள் வைத்தேன்.

மூன்றாவது வகுப்பன்று வாடைக்காற்றில் கடல் குழம்பியிருந்தது. தொப்பலாக நனைந்து வந்தீர். வழமையான கேள்வியைக் கேட்டீர். பகிடியும் விட்டீர். பிறகு பேச்சு நடுவிலேயே நின்றது. கதிரையின் கையைப் பிடித்தபடி கண்ணை மூடினீர். பின்வரிசையில் நின்ற நான், இன்று நன்றாகவே நடித்துக் காட்டுகிறீர் என்று நினைத்தேன்.

வேலணையிலிருந்து வரும் சின்னத் தாதிதான் எழுந்தாள். "டொக்டர், அக்கா பத்து மணிக் கோட்டுக்கு இன்னும் குடிக்கேல்லை. இது பாடமில்லை."

ஒருத்தி போர்வைக்கு ஓடினாள், ஒருவன் சக்கரக் கதிரைக்கு. நான் மருந்தை எழுதி முடிக்கையில் ஊசி ஆயத்தமாக இருந்தது. உமது நோவை எண்ணில் சொல்லும்படி ஒருவரும் கேட்கவில்லை.

பின்னேரம், நோ இறங்கியதும் என்னைக் கூப்பிட்டீர்.

"பிள்ளையள் எல்லாரும் பாஸ். நீங்கள்தான் திரும்ப எழுதோணும், டொக்டர்."

வார்ட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். என் படிப்புக்கு யாரும் அவ்வளவு நேர்மையாகப் புள்ளி போட்டதில்லை.

போன மாரியில் நோய் உமது நுரையீரலைப் பிடித்தது. நேரத்தோடு வந்தீர். வந்த உடனேயே நம்பினோம், செய்யக்கூடியதை எல்லாம் செய்தோம், யாழ்ப்பாணத்துக்கும் அனுப்பினோம். அப்படியும் போதவில்லை. இதற்கு ஆறுதலாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சொன்னாலும் நீர் நம்பமாட்டீர்.

இன்று புதிய பிள்ளைகள் வருகிறார்கள். போத்தலைக் கழுவி, மேலேயுள்ள கோடு வரை தண்ணீர் நிரப்பி, முன்கதிரையில் வைத்திருக்கிறேன். வகுப்பை வேலணைப் பிள்ளை எடுப்பாள், உமது கேள்வியோடு. நான் பின்வரிசையில் கொப்பியோடு இருப்பேன். திரும்ப எழுத வேண்டியவள் நான்தானே.