எந்தக் கேம் கிழடாகவில்லை, ராத்தா?

பாதி வாக்குவாதத்தில் என்னைத் தனியே விட்டுப்போன என் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் உன் கைக்கு வராது என்று எனக்குத் தெரியும். துஆ மட்டும்தான் போய்ச் சேரும் என்று உம்மா சொல்கிறா. துஆவும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் துஆவில் உன்னோடு சண்டை பிடிக்க முடியாதே. எனக்கோ உன்னோடு ஒரு சண்டை பாக்கியிருக்கிறது.

நம் ஊர் சாய்ந்தமருதில் மாரி மழை தொடங்கிவிட்டது. உன் முற்றத்திலும் என் முற்றத்திலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறது. நடுமதிலில் இருக்கிற சின்னக் கேற்றை இன்னும் யாரும் பூட்டுவதில்லை. வாப்பா காணியை இரண்டாகப் பிரித்து உனக்கொரு வீடும் எனக்கொரு வீடும் கட்டித் தந்தார். கலியாணம் முடித்தும் நாம் பிரியவில்லை, மாப்பிள்ளைகள்தான் வந்து சேர்ந்தார்கள். தலை நரைக்கத் தொடங்கும் வரை ராத்தாவும் தங்கச்சியும் ஒரு மதிலுக்கு இரண்டு பக்கமும் இருந்து சண்டை பிடிக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

வேறு யாராவது இதை வாசித்தால், காணிச் சண்டை, நகைச் சண்டை என்று நினைத்துவிடுவார்கள். அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நாம் சண்டை பிடித்தது டிவி கேமுக்கு. பழைய கேம்களில் எது கிழடாகிவிட்டது, எது இன்னும் இளசாக இருக்கிறது என்பதற்கு. பிள்ளை பெற்ற இரண்டு பெண்கள் இதற்கா இப்படிக் கத்துகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சிரித்தது நமக்கும் கேட்கத்தான் செய்தது.

நம் முதல் டிவி கேமை வாப்பா கல்முனையில் வாங்கி வந்தார். ஊரடங்கு போட்ட நாட்களில் பள்ளிக்கூடம் இருக்காது. கரண்ட் இருந்தால் கேம், இல்லாவிட்டால் கேமைப் பற்றிய கதை. நாம் பெரிய பிள்ளைகளானதும் கடற்கரைக்குப் போகக் கூடாது என்றார்கள், சைக்கிள் ஓடக் கூடாது என்றார்கள். டிவி கேமைத் தடுக்க மட்டும் யாருக்கும் யோசனை வரவில்லை. பிறகு ஒரு டிசம்பரில் கடல் வந்து, மெஷினையும் மஞ்சள் கேம் கெசட்டுகளையும் கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி நாம் பல வருடம் கதைக்கவே இல்லை. ஊரே மையத்து எடுத்து அடக்கிக்கொண்டிருந்த காலத்தில் டிவி கேமுக்கு அழ யாருக்கு முகம் இருந்தது?

உன் சிறுநீரகம் இரண்டும் பழுது என்று தெரிந்து டயலிசிஸ் தொடங்கிய பிறகுதான் கேம் மறுபடியும் வீட்டுக்கு வந்தது. பழைய கேம்களெல்லாம் உள்ளேயே இருக்கிற புது மெஷின். கொண்டுவந்தது மச்சான். உன் புருஷனுக்கு ஒரு வசனம் கதைத்தால் அடுத்த வசனத்துக்கு ஒரு கிழமை வேண்டும். அன்றைக்கு ஒன்று சொன்னார்.

"இவ சும்மா முகட்டப் பாத்துக்கிட்டுக் கிடக்கா. ரெண்டு பேரும் விளையாடுங்க."

ஆஸ்பத்திரி இல்லாத நாட்களில், அஸர் தொழுகைக்கு முன், உன் அறையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். முதல் கேள்வியைக் கேட்டது நீதான். "சொல்லு புள்ள, இதுகள்ள எது கெழடாகாம இரிக்கு?"

கார் கேம் கிழடு என்பதில் நமக்குள் சண்டையில்லை. கார் அசையாமல் நிற்க, ரோடுதான் ஓடுகிறது. சின்னப் பிள்ளையில் அது நம் கண்ணில் படவே இல்லை. மேலிருந்து விழுகிற செங்கலை அடுக்குகிற கேம் என்றைக்கும் கிழடாகாது என்று நான் சொன்னேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "அதுக்கு முகமே இல்லியே. முகமில்லாததுக்கு எங்கால கெழடு?" என்றாய். இதெல்லாம் ஒரு வாதமா என்று கத்தினேன். ஆனால் இரண்டு நாள் யோசித்தும் அதற்கு மறுவாதம் கிடைக்கவில்லை.

வாத்துச் சுடுகிற கேமில்தான் சங்கடம் வந்தது. அதோடு வந்த பிளாஸ்டிக் துவக்கை டிவிக்கு நேரே நீட்டி எத்தனை தரம் சுட்டாலும் ஒரு வாத்தும் விழவில்லை. கேம் செத்து மௌத்தாகிவிட்டது என்றேன் நான். இல்லை, இந்தத் தட்டை டிவியில்தான் பிழை என்றாய் நீ. மச்சான் எழுந்து வெளியே போனார். பின்னேரம் அக்கரைப்பற்றிலிருந்து திரீவீலில் ஒரு பழைய பெட்டி டிவியோடு வந்து இறங்கினார். முதல் சூட்டிலேயே வாத்து விழுந்தது. நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய். பிறகு சொன்னாய், "கேம் கெழடாகல்ல புள்ள. அது இருந்த ஊடுதான் இல்லாமப் போயிட்டு."

உன் இடது கையில் டயலிசிஸுக்காக இரத்த நரம்புகளைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடம் எந்த நேரமும் உள்ளே அதிர்ந்துகொண்டிருக்கும். விரலை வைத்தால் நமக்கும் தெரியும். பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்வாய். "நம்மட காலத்து ஜொய்ஸ்டிக் அதிராது. இது புது மொடல்" என்பாய். ஒரு மிடறு தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டியிருந்த உனக்குப் பகிடிக்கு மட்டும் அளவில்லை.

ஆனால் நம் பெரிய சண்டை துவக்குக் கேமுக்கு. வாசிக்கிறவர்களுக்கு அதையும் சொல்ல வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து ஓடிக்கொண்டே சுடுகிற கேம் அது. நீ நீலம், நான் சிவப்பு. ஆளுக்கு மூன்று உயிர். ஒருத்தரின் உயிர்கள் முடிந்துவிட்டால், பட்டனை அமர்த்தி மற்றவரின் உயிரில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நீ எப்போதும் முன்னுக்குப் பாய்ந்து ஓடிச் செத்துப்போவாய். நான் பதுங்கிப் பதுங்கிச் சேமித்து வைத்திருப்பேன். கேட்காமல் எடுப்பாய். நான் உம்மாவிடம் ஓடிப்போய் அழுவேன். "ராத்தா தானே, ஒண்டக் குடன்" என்பா உம்மா.

இந்தக் கேம்தான் என்றைக்கும் கிழடாகாது என்று சாதித்தவள் நீ. அதில் நானும் உன் கட்சிதான்.

பிறகு நாம் கண்டிக்குப் போனோம். என் இரத்தத்தையும் உன் இரத்தத்தையும் பார்த்தார்கள். என் சிறுநீரகம் உனக்குப் பொருந்துகிறது என்று டொக்டர் சொன்னார். வரும் வழியெல்லாம் நான் வாய் ஓயாமல் கதைத்தேன். மார்க்கத்தில் தடையில்லை என்று மௌலவியிடம் கேட்டாயிற்று, துபாயில் இருக்கிற என் அவரும் சம்மதம் சொல்லிவிட்டார், ஒரு சிறுநீரகத்தோடு எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்றெல்லாம். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு "பாப்பம்" என்றாய். நம் ஊரில் "பாப்பம்" என்றால் இல்லை என்றுதான் அர்த்தம். அது எனக்கும் தெரியும். தெரியாததுபோல் இருந்தேன்.

அடுத்த கிழமை, அதே பாயில், துவக்குக் கேம். உன் உயிர்கள் முடிந்துவிட்டன. என்னிடம் இருந்தன. பட்டனை அமர்த்துவாய் என்று பார்த்தேன். நீ ஜொய்ஸ்டிக்கைக் கீழே வைத்தாய்.

"எடு ராத்தா. என்னட்ட இரிக்கு."

"வேணாம். நீ விளையாடு, நான் பாக்கிறன்."

"ஏன்?"

"இந்தக் கேம்தான் புள்ள ஆகக் கெழண்டு போயிட்டு."

"விசர்க்கதை கதையாத. இதுதான் இளசு எண்டு நேத்துவரைக்கும் நிண்ட நீ."

"நேத்து யோசிக்கல்ல. மத்த ஆள்ர உயிர எடுத்து விளையாடுறதெல்லாம் சின்னப் புள்ளையில சரி. இந்த வயசில ஆகாது."

"நீ கேமையா கதைக்கிறாய்?"

"வேற என்னத்த?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "சின்னதில கேக்காம எடுத்த நீ. இப்ப நானாத் தாறன் எண்டு சொல்றன், எடுக்க மாட்டாயா?"

நீ கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஒப்பரேஷன் மேசையில வெச்சு உனக்கு ஒண்டு ஆகிட்டா உன்ட புள்ளைகள ஆரு பாக்கிற? நான்தான் பாக்கணும். என்னப் பாரு" என்று அந்தக் கையை நீட்டினாய்.

அன்றைக்குத்தான் வாதத்தில் உன்னிடம் முழுசாகத் தோற்றேன், தோற்றதை ஒத்துக்கொள்ளவும் மாட்டேன் என்று எழுந்து கேற்றால் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகும் எத்தனையோ தரம் கேட்டேன். கெஞ்சினேன், ஏசினேன், உம்மாவைக் கொண்டு சொல்லவைத்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே "பாப்பம்".

மழைக் கிழமை ஒன்றில் உனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லுஹர் தொழுதுவிட்டு நான் வரத் தயாராகிக்கொண்டிருந்தபோது மச்சான் கேற்றடியில் வந்து நின்றார். உன் செருப்பைக் கையில் பிடித்திருந்தார்.

உன்னைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. இடது கை என் பக்கம் வந்தது. தண்ணீர் ஊற்றும்போது என் விரல் தானாகவே அந்த இடத்துக்குப் போனது. அதிர்வு நின்றிருந்தது. அதுவரைக்கும் நான் அழவில்லை ராத்தா. ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு மையவாடிக்குப் போனார்கள். நான் முற்றத்தில் நின்றேன், என் இரண்டு சிறுநீரகங்களோடும்.

இப்போதைய செய்திகளைச் சொல்கிறேன். மச்சான் இன்னும் உன் வீட்டில்தான் இருக்கிறார். நிந்தவூரிலிருந்து அவருடைய ஆட்கள் வந்து, பொஞ்சாதி இல்லாத வீட்டில் என்ன வேலை, நம்மோடு வா என்கிறார்கள். கலியாணக் கதையும் தொடங்கிவிட்டது. அவர் வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். உன் மகள் ஸஹ்ரா என் வீட்டில்தான் படுக்கிறாள். என் சின்னது இரண்டும் அவளுக்கு இரண்டு பக்கமும். ஸஹ்ராவுக்குக் கணக்கில் நல்ல புள்ளி. சோறு மட்டும் சரியாகத் தின்பதில்லை. நீ செய்கிற மாதிரிச் சுண்டங்கத்தரிக் கறி எனக்கு வரவில்லை என்று வாயால் சொல்ல மாட்டாள், தட்டு சொல்லும்.

உன்மேல் எனக்குக் கோபம், ராத்தா. ஊரில் எல்லாரும் உன்னைப் பொறுமைசாலி என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. பொறுமையா அது? பிடிவாதம். நான் நீட்டிய கையைத் தட்டிவிட்டுப் போனாய். ஒரு துண்டு சதை. எனக்கு மிச்சமாக இருந்தது, உனக்கு வேண்டியிருந்தது. இவ்வளவு லேசான கணக்கை ஏன் சிக்கலாக்கினாய்? இரவும் பகலும் இதையே கேட்டுக்கொண்டு இருந்தேன், போன வெள்ளிக்கிழமை வரைக்கும்.

போன வெள்ளி, ஜும்ஆ முடிந்த நேரம், ஸஹ்ரா அந்த மெஷினை எடுத்து வந்தாள். "விளையாடுவமா சாச்சி?" என்றாள். நீ போன பிறகு நான் அதைத் தொடவில்லை. மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். துவக்குக் கேம். நீலத்தை அவள் எடுத்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், கேம் நிறையத்தான் கிழடாகிப் போயிருக்கிறது. எவன் எங்கிருந்து வருவான் என்று முன்னமே தெரிகிறது. பாட்டு காதைக் குடைகிறது. இதற்கா இத்தனை வருடம் சண்டை பிடித்தோம் என்று இருந்தது. உன் மகளும் உன்னைப் போலவே முன்னுக்குப் பாய்கிறாள். கெதியில் உயிர்கள் முடிந்துவிட்டன. பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சாச்சி, ஒண்டு எடுக்கட்டா?"

"கேக்கிற என்னத்துக்கு? எடு."

"இல்ல... உம்மா சொன்னா, சாச்சிட உயிர எடுக்கப்படாதாம்."

"எப்ப சொன்னா?"

"கண்டிக்குப் போய் வந்த அண்டைக்கு. சாச்சிய மிச்சம் வெக்கணுமாம், எனக்கு எண்டு."

திரையில் என் சிவப்பு ஆள் சும்மா நின்று சூடு வாங்கிக்கொண்டிருந்தான்.

என் பிள்ளைகளுக்காக என்று என்னிடம் சொன்னாய். உன் மகளுக்காகவும் என்று சொல்லவில்லை. சிறுநீரகம் கிடைத்தாலும் நீ தங்குவாயோ என்ற பயம் உனக்கு இருந்திருக்கிறது. இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் முழுசாக ஓர் ஆள் வேண்டும் என்று யோசித்து, அந்த ஆள் நான்தான் என்று நீயே தீர்மானித்துவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருந்தால் ஓம் என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன். சண்டைதான் பிடித்திருப்பேன். அது உனக்குத் தெரியும்.

"எடு மகள்" என்றேன். "உம்மா கேமுக்குச் சொல்லல்ல." அவள் எடுத்தாள்.

எது கிழடாகவில்லை என்று இத்தனை நாள் கதைத்தோம். இப்போது நம் இரண்டு பேரில் கிழடாகாமல் இருக்கப்போவது நீ. அதில் ஒரு நன்மையும் எனக்குத் தெரியவில்லை. மூத்தவள் நீதானே, முன்னுக்குக் கிழவியாகியிருக்க வேண்டியவள் நீதானே?

ஆகவே இது என் வாக்கு. நான் கிழவியாகிறேன், ராத்தா. பிரஷர் பார்க்கப் போகிறேன், உப்பைக் குறைத்திருக்கிறேன், மழையில் நனைவதில்லை. தலை முழுக்க நரைத்து, பல் விழுந்து, முழங்கால் பிடித்து, எழும்பும்போது யா அல்லாஹ் என்று முனகுகிற வயது வரைக்கும் இருக்கப் போகிறேன். உன் மகள் பிள்ளை பெறும்போது அவள் தலைமாட்டில் நான் இருப்பேன். எனக்கு ஆசையிருக்கிறதா என்று கேட்காதே. நீயும் என்னைக் கேட்கவில்லை.

நீ மிச்சம் வைத்துப்போன
உன் தங்கச்சி