சாவி ஆணியில் உன் பேட்ஜ்

என் பெண்டாட்டி மகாராணிக்கு,

நைட் டூட்டி முடிந்து வந்து அசந்து தூங்குகிறாய். எழுப்ப மனசு வரவில்லை. சாப்பாட்டை அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். மதியம் உன் அக்கா வருவாள். அவளிடம் எதையும் உளறி வைக்காதே, அழுது ஊரைக் கூட்டிவிடுவாள்.

நேற்று நான் கத்தியது தப்புதான். உடம்பில் படுகிற எக்ஸ்ரே கதிரை அளக்கிற அந்தப் பேட்ஜ், போன தடவை அளவுக்கு மீறிக் காட்டியிருக்கிறது என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீயோ சிரித்தாய். "டூட்டி முடிஞ்சதும் அதை எக்ஸ்ரே ரூம்லயே மாட்டிட்டு வந்துடுவேன்பா. அதுமேல பட்டதுதான், என்மேல பட்டது இல்ல." நானும் நம்பி, நிம்மதியாகப் படுத்துவிட்டேன்.

இப்போது சாவி எடுக்கப் போனேன். அதே ஆணியில் உன் புதுப் பேட்ஜ் தொங்குகிறது. பழையதும் தினமும் இங்கேதானே தொங்கியது? நீ வீட்டுக்குள் நுழைந்ததும் உன் சட்டையிலிருந்து கழற்றி மாட்டுகிறவனே நான்தான். அது ஒரு நாள்கூட அந்த ரூமில் தங்கியதில்லை.

கண் மங்கலாக இருக்கிறது, தூக்கம் போதவில்லை என்றாயே. அதுவும் இப்படிச் சொன்ன பொய்தானா?

பயமாக இருக்கிறது. கதவை நன்றாகச் சாத்திக்கொள்.

பி.கு.: சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உன்னை விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறார்களே, நானும் வருகிறேன். பேட்ஜை ரூமிலேயே மாட்டிவிட்டு வந்த கதையை அங்கே சொல்லிவிடாதே. அவர்களும் நம்பிவிடுவார்கள். நாளைக்கே உன்னை அதே ரூமில் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.