மணமகளுக்கு முன்னால் எட்டு லாரி

2013 மே 12, ஞாயிறு

இன்று மாலாய் ஊரில் சம்பந்தம் பேசி முடித்தோம். முடித்தோம் என்ன, முடித்தேன். என் அண்ணன் சாதிக் வாயைத் திறந்தால் ஆட்டுக்குக் குளம்புநோய் என்பார், மழை வரும் என்பார். அதற்கு மேல் வராது. மாப்பிள்ளை பெட்ரித் அவருடைய மகன். ஜெர்மனியில் குளியலறைகளுக்கு ஓடு பதிக்கிறான்; கைப்பேசித் திரையில் தலையைக் காட்டியதோடு சரி. ஆக, பேச்சு முழுக்க என் பொறுப்பு. முப்பத்தோரு வருடம் குரோமியத் தாது லாரி ஓட்டியவனுக்கு ஒரு கல்யாணம் பேசுவது என்ன பெரிய ஏற்றம்!

பெண் லிந்திதா நல்ல பெண். அவள் அப்பா ரெஜெப்தான் கொஞ்சம் நெருஞ்சி. காப்பி வந்தது, ராக்கிச் சாராயம் வந்தது, செப்டம்பர் 22 என்று தேதியும் ஆனது. அதற்கப்புறம் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"எல்லாம் சரி சம்பந்தி. பொண்ணைக் கூட்டிட்டுப் போற ஊர்வலம் வந்த வழியே திரும்பக் கூடாதே. உங்க பெர்ரோய்க்கும் எங்க மாலாய்க்கும் நடுவுல இருக்கிறது ஒரே ரோடு. என் பொண்ணைப் பறக்கவா விடப்போறீங்க?"

முன்பெல்லாம் திரும்பும்போது ஆற்றுத்துறையில் சக்கரத்தை இறக்கிக் கடந்து வருவார்கள். புதுப் பாலத்துக்குத் தூண் தோண்டியதிலிருந்து அந்தத் துறையில் லாரி உயரத்துக்குத் தண்ணீர்.

நான் எழுந்து நின்றேன். "போறது பழைய ரோட்டுல. வர்றது புதுப் பாலத்து மேல. இது என் வாக்கு. பெசா!"

எங்கள் மலையில் கொடுத்த பெசாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கடை இன்னும் திறக்கவில்லை. கல்யாணக் கூட்டத்துக்குத் தலைவன் நான்தான் என்று அங்கேயே முடிவாயிற்று.

மே 13

புக்குரியே காலையில் ரொட்டி வெட்டிக்கொண்டே, "அந்தப் பாலத்துக்கு இன்னும் மேல்தளமே போடலையே" என்றாள். என் மனைவி பிறந்தது மாலாயில். அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் அவள் கண்ணில் படும். "நாலு மாசம் இருக்குல்ல" என்றேன். அவள் ரொட்டியை வெட்டினாள்.

ஜூன் 3

பாலம் கட்டும் இடத்துக்கு ஆய்வுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால்தான் போக வேண்டுமா?

இந்த ஆறாம் எண் நெடுஞ்சாலை எங்கள் குடும்பச் சொத்து மாதிரி. அப்பா இளைஞர் படையில் சம்மட்டி பிடித்து மலையை உடைத்தார். பாதி மலை அவர் உடைத்தது. பிறகு ஜல்லி வந்தது. பிறகு தாது லாரிகளுக்காக மெல்லிசாக ஒரு தார், ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற மாதிரி. அந்தத் தார்மேல் முதலில் ஓடியது என் லாரி. (இரண்டாவது. முதல் லாரி வளைவில் நின்றுபோனதால் நான்தான் முதல்.) அப்புறம் இருபது வருடம் வெறும் குழி, எந்தக் குழி எந்தப் பல்லை ஆட்டும் என்று எனக்கு மனப்பாடம். இப்போது துண்டு துண்டாகப் புதுப்பிக்கிறார்கள். ஒரு வருடம் மூன்று கிலோமீட்டர், ஒரு வருடம் ஒன்று, தேர்தல் வந்தால் பொத்துக்கொண்டு ஐந்து. எங்கள் பங்குக்கு வந்திருப்பது இந்தப் பாலமும் அதன் இரண்டு பக்கத்துச் சாலையும். மலையைச் சுற்றி நாற்பத்திரண்டு வளைவில் ஐம்பது நிமிடம் போகிற மாலாய்க்கு இனிமேல் பதினொரு நிமிடம்.

பொறுப்பாளர் ஒரு பெண் பொறியாளர். தலைநகரத்து டிரானாக்காரி, பெயர் எரால்தா, தலையில் மஞ்சள் தொப்பி. தூணைத் தட்டிப் பார்த்து, "கலவை சரியா இருக்கு" என்று சான்று கொடுத்தேன்.

"ரொம்ப நன்றி மாமா. நேத்துவரைக்கும் பயந்துட்டே இருந்தேன்" என்றாள்.

மரியாதை தெரிந்த பெண்.

ஜூலை 18

மேல்தளம் போட்டுவிட்டார்கள்! எங்கள் பக்கத்துச் சாலைக்குத் தாரும் வந்துவிட்டது. எரால்தா தினமும் என்னைக் கேட்டுத்தான் வேலை நடத்துகிறாள் என்று காப்பிக்கடையில் சொன்னேன். வாரத்துக்கு இரண்டு முறை பேசுகிறோம். தினமும் என்பதில் பெரிய தப்பில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எரால்தா கூப்பிட்டனுப்பினாள். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தாள். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மாமா, பாலம் முடிஞ்சாச்சு. ஆனா பாரச் சோதனை பண்ணாம ஒரு சைக்கிளைக்கூட விட முடியாது. எட்டு லாரி, ஒவ்வொண்ணும் நாற்பது டன், எடைச்சீட்டோட, வரிசையா மேல நிக்கணும். பாலம் எவ்வளவு வளையுதுன்னு அளக்கணும்."

"நிறுத்திட்டா போச்சு."

"எங்க லாரியெல்லாம் தெற்குல வேற வேலைக்குப் போயிடுச்சு. அக்டோபர் கடைசியிலதான் திரும்பும்."

"செப்டம்பர் இருபத்திரண்டு கல்யாணம்."

"கொஞ்சம் தள்ளி வைக்க முடியாதா?"

டிரானாக்காரி, அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கம் வீட்டில் சாவு விழுந்தாலும் கல்யாணத் தேதி நகராது.

ஆகஸ்ட் 10

காலையிலிருந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

சேதி அதற்குள் ஆற்றைத் தாண்டிவிட்டது. காப்பிக்கடையில் ரெஜெப் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்ன சம்பந்தி, பாலம் உங்க பேச்சு அளவுக்கு நீளம் வரலையாமே?" கடை முழுக்கச் சிரிப்பு. பிறகு சிரிக்காமல் சொன்னார்: "வேற வழி இல்லைன்னா பொண்ணு வாசப்படி இறங்க மாட்டா. அவ அம்மா கண்டிப்பா இருக்கா. அவங்க வீட்டுலயே ஒருத்தி கதையைப் பார்த்தோமேங்கிறா."

ஒருத்தி கதை! யாரைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாதா?

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை விட்டால் இதற்கு வேறு இடம் இல்லை. 1981 பிப்ரவரி. புக்குரியேயை மாலாயிலிருந்து கூட்டிவந்த நாள். ஊரில் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அதனால் மாப்பிள்ளையே லாரி ஓட்டினான். ஆற்றில் வெள்ளம், துறையில் இறங்க முடியாது. வந்த வழியே ஸ்டியரிங்கைத் திருப்பியது இந்தக் கைதான். அப்புறம் பிள்ளை இல்லை. வந்த வழியே திரும்பினவ, வேற எப்படி இருப்பா என்று ஊர் சொன்னது. ஆனால் ஆறு வருடம் கழித்து டிரானா டாக்டர் காகிதத்தை நீட்டியது என்னைப் பார்த்து. குறை என்னிடம். அவளிடம் இல்லவே இல்லை. நான் யாரிடமாவது சொன்னேனா? பழி ரோட்டின்மேல் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன் — ரோடு பதில் பேசாது. காகிதத்தைப் படித்த அவளும் பேசவில்லை. இருபத்தாறு வருடமாகப் பேசவில்லை.

சே. என்ன ஆம்பளைடா நீ, ஸெனெல்?

இன்னொரு பெண்ணை அந்த ரோட்டில் அப்படித் திருப்ப மாட்டேன். எப்படி என்று தெரியவில்லை. மாட்டேன்.

ஆகஸ்ட் 12

எடைச்சீட்டு! எடைச்சீட்டு என்றாளே! முப்பத்தோரு வருடம் என் சட்டைப்பையில் வேறென்ன இருந்தது? சுரங்க வாசலிலேயே எடைமேடை. தாது ஏற்றி வருகிற லாரி நாற்பது டன்னுக்கு ஒரு பிடி குறையாது. இந்தத் தலைக்கு ஏழாம் வகுப்போடு நின்றதே நல்லது. மேலே படித்திருந்தால் தாங்கியிருக்காது.

ஆகஸ்ட் 27

கானியிடமிருந்து ஆரம்பித்தேன். இருபது வருடம் என் லாரிக்குப் பின்னால் தூசி தின்றவன்.

"உன் பாலம் விழுந்தா என் தாதுக்கு யாரு பதில்?"

"விழுந்தா நான் கீழ நின்னு பிடிச்சுக்கிறேன்."

"உன்னை நம்பி ஒரு ஆட்டைக்கூடப் பாலத்துல ஏத்த மாட்டேன். புக்குரியே அண்ணிக்காக வர்றேன்."

கானி வந்தால் மற்றவர்கள் வருவார்கள். எட்டுப் பேர் ஆகிவிட்டது. ஊரில் பதினாறு என்று சொன்னேன். எப்படியும் பாதியைக் கழித்துக்கொள்வார்கள்.

எரால்தா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் டிரானாவோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டாள். வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. "பதினெட்டாம் தேதி ஆய்வாளர் வர்றார் மாமா. ஒரு லாரி குறைஞ்சாலும் சோதனை கிடையாது."

செப்டம்பர் 17

ஒருவன் மகளுக்குப் பிரசவம் என்று நகரத்துக்குப் போய்விட்டான். ஏழு. ஏழு!

செப்டம்பர் 18, புதன்

அவன்தான் பிரசவத்துக்குப் போனான், லாரி போகவில்லையே. அவன் மனைவியிடம் சாவியை வாங்கி, தாது ஏற்றி, எட்டாவது லாரியை நானே ஓட்டினேன். முழங்கால் இரண்டும் முறையிட்டன, காதில் வாங்கவில்லை.

பாலத்தின்மேல் எட்டு லாரியும் மூக்கும் வாலும் உரச நின்றன. கீழே கருவிகள். எல்லோரும் இறங்கிவிட்டார்கள், நான் இறங்கவில்லை.

"இறங்குங்க மாமா!"

"எடைமேடையில நானும் உள்ளதான் இருந்தேன். இறங்கினா நாற்பது வராது."

"உங்க பேச்சு எடையைக் கழிச்சாலும் வரும். இறங்குங்க!"

இறங்கினேன். ஒரு மணி நேரம் அளந்தார்கள். ஆய்வாளர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பதினேழு மில்லிமீட்டர் வளைந்ததாம். இருபத்தைந்து வரை போகலாமாம். லாரிகள் இறங்கியதும் பாலம் முதுகை நிமிர்த்திக்கொண்டது. என் கண்ணாலேயே பார்த்தேன். மில்லிமீட்டரையெல்லாம் கண்ணால் பார்க்க முடியாது என்கிறான் கானி. அவனால் முடியாது.

எரால்தா என் பக்கத்தில் வந்து நின்றாள். "மாலாய் பக்கம் இன்னும் ஜல்லிதான். கைப்பிடிக்கு வர்ணம் இல்ல. திறப்பு விழா நவம்பர்ல. ஆனா ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு ஊர்வலம், நடை வேகத்துல, என் கையெழுத்துல போகலாம்."

அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். கொஞ்சம் அதிகமாகவே குலுக்கிவிட்டேன் போல, தொப்பி விழுந்தது.

செப்டம்பர் 19

என் கறுப்புக் கோட்டுக்கு புக்குரியே இரண்டு முறை இஸ்திரி போட்டாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

ஒன்பது கார். முதல் கார் என்னுடையது, கண்ணாடியில் வெள்ளைத் துண்டு கட்டியது. பழைய ரோட்டில் நாற்பத்திரண்டு வளைவும் போனோம். ரெஜெப் வாசலில் நின்றார். "சம்பந்தி, கெட்டிக்காரர்தான்" என்றார். நான் அடக்கமாக, "இன்னும் நீங்க முழுசாப் பார்க்கலை" என்றேன்.

திரும்பும்போது பாலத்தின் வாயில் எரால்தா கொடி பிடித்து நின்றாள். ஒவ்வொரு காராக விட்டாள். மேளமும் கிளாரினெட்டும் ஜன்னல் வழியாக ஆற்றையே நிரப்பின. லிந்திதா அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். இந்தக் கரையில், பிரசவத்துக்குப் போய்த் திரும்பியவன் உட்பட, எட்டு லாரிக்காரர்களும் நின்று ஒரே சமயத்தில் ஹாரன் அடித்தார்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் கோசோவாவில் கேட்டிருக்கும்.

பந்தியில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அண்ணி ஹனிஃபே மருமகளின் தலையைத் தடவி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இவளாவது நல்ல வழியில வந்தா. இந்த வீட்டுக்குப் பிள்ளைக் குரல் கேட்கும்." புக்குரியே தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குவதை நிறுத்தவில்லை.

நான் எழுந்தேன். தலைவன் வாழ்த்துச் சொல்லப்போகிறான் என்று எல்லோரும் கோப்பையைத் தூக்கினார்கள். அரை மணி நேரப் பேச்சு தயாராகத்தான் வைத்திருந்தேன்.

"குறை ரோட்டுல இல்ல அண்ணி. இவகிட்டயும் இல்ல. எங்கிட்ட. டாக்டர் காகிதம் இருக்கு."

உட்கார்ந்துவிட்டேன். கோப்பைகள் அந்தரத்தில் நின்றன. சாதிக் அண்ணன்தான், வாயே திறக்காத மனுஷன், எழுந்து வந்து புக்குரியேயின் கையிலிருந்து தட்டுகளை வாங்கி வைத்துவிட்டு, மேசையின் தலைப்பக்கம் அவளை உட்கார வைத்தார். மேளக்காரனைப் பார்த்து, "என்னடா பார்க்கிற, அடி" என்றார்.

செப்டம்பர் 23

இன்று காப்பிக்கடைக்குப் போகவில்லை. கால் வலி.

செப்டம்பர் 24

போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கானி என் காப்பியை அவனே கொண்டுவந்து வைத்து, பாலம் வளைந்ததை நான் கண்ணால் பார்த்த கதையைச் சொல்லச் சொன்னான். சொன்னேன்.

நவம்பர் 9, சனி

போன வாரம் பாலத்தைத் திறந்தார்கள். ரிப்பன், மேடை, ஒலிபெருக்கி. எனக்கு நாற்காலி போடவில்லை. எரால்தா மேடையிலிருந்து என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினாள், அது போதும். அமைச்சகத்துக்காரர்கள் யாரென்று கேட்டிருப்பார்கள். கட்டாயம் கேட்டிருப்பார்கள்.

இன்று காலை புக்குரியே நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு காரில் வந்து உட்கார்ந்தாள். "எங்க ஊருக்குப் போயிட்டு வரலாம். போறது பழைய ரோட்டுல."

மாலாயில் அவள் தம்பி வீட்டில் காப்பி குடித்தோம். திரும்பும்போது பாலம் தொடங்குகிற இடத்தில், "நிறுத்துங்க" என்றாள். இறங்கினாள். பையைக் கையில் பிடித்துக்கொண்டு பாலத்தின்மேல் நடக்க ஆரம்பித்தாள்.

நான் என்ன செய்வது? முதல் கியரில் போட்டு, இரண்டு பக்கமும் விளக்கைச் சிமிட்ட விட்டுப் பின்னாலேயே ஊர்ந்தேன். எனக்குப் பின்னால் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. பார்த்தால் கானி.

"யோவ், வண்டி கெட்டுப்போச்சா?"

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். "பொண்ணு ஊர்வலம் போகுது. பொறு."

"பொண்ணு எங்கய்யா?"

கையைக் காட்டினேன். எட்டிப் பார்த்தான். அதற்கப்புறம் ஹாரன் இல்லை; அவன் லாரியின் விளக்குகளும் சிமிட்ட ஆரம்பித்தன. புக்குரியே அவசரப்படவில்லை, எங்கள் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி, நடு ரோட்டில் நடந்து, இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தாள்.