சருகுமானும் இருவாட்சியும்

ஜூலை 1943, செவ்வாய் இரவு

வரையக் காகிதம் கிடைக்கவில்லை. ஜப்பானியர் எரிக்கச் சொன்ன பிரிட்டிஷ் வரைபடங்களின் பின்பக்கத்தில்தான் பிள்ளைகளுக்கு நம் காட்டு விலங்குகளை வரைந்து மாட்டியிருந்தேன். இது தலைமையாசிரியருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

இன்று பள்ளியைப் பார்வையிட வந்த ஜப்பானிய அதிகாரி சருகுமான் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். இடுப்பளவில் கையை வைத்து, ஜப்பானில் இருக்கும் மகளின் உயரத்தைக் காட்டினார். படம் அவளுக்காம். நாளைக் காலை வந்து எடுத்துக்கொள்வாராம். நான் குனிந்து வணங்கினேன்.

அவர் போனதும், "திருப்பிப் பாத்தா நம்ம ரெண்டு பேருக்கும் தலை இருக்காது, டீச்சர்," என்றார் தலைமையாசிரியர்.

"கிழிஞ்சு போச்சுன்னு சொன்னா, சார்?"

"மகளுக்குக் கேட்டிருக்காரு. சும்மா விடுவாரா?"

சருகுமானையும் இருவாட்சிப் பறவையையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வரைபடங்கள் உள்ளே மறையும்படி இரண்டையும் சேர்த்து ஒட்ட, இரவுக்கு வைத்திருந்த மரவள்ளி மாவை அம்மாவிடம் கேட்டேன்.

"நீ காலேஜ் போனது இதுக்குத்தான்லா. மானுக்குப் போட்டுட்டு நாம பட்டினி," என்றாள் அம்மா. ஆனாலும் அவளே பசை கிண்டித் தந்தாள். சட்டியில் ஒட்டியிருந்ததை இருவரும் வழித்துச் சாப்பிட்டோம்.

அந்தச் சிறுமி ஒரு பக்கம் மானைப் பார்ப்பாள், திருப்பினால் இருவாட்சி. அவளுக்கு இரண்டும் பிடிக்கட்டும். தினமும் இருவாட்சியின் அலகைத் தொட்டுவிட்டு உட்காரும் என் வகுப்புச் செல்வி, நாளை வெறும் சுவரைத் தொடுவாள்.

ஓரம் இன்னும் காயவில்லை. இடது கையால் அழுத்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.